பனிமலைப் படங்கள்: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு சின்னப் படக்கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பள்ளிப் பட்டமளிப்பு, கோயில் திருவிழா எல்லாம் எடுப்பேன். சோறு போடுவது அவைதான். ஆனால் கடைச் சுவரில் மாட்டியிருப்பதெல்லாம் நேப்பாளத்தில் எடுத்த பனிமலைகள். சுற்றிலும் செம்பனையும் மிச்சம் மீதி ரப்பரும் நிற்கிற ஊரில் இப்படி ஒரு சுவரைப் பார்த்தால் உள்ளே வருகிறவர்கள் கேட்காமல் போவதில்லை. ஒரே பதிலை நூறு தடவை சொன்ன பிறகு, எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இதெல்லாம் நீங்களே எடுத்ததா, கம்ப்யூட்டரில் செய்ததா?

நானே எடுத்தது. மூன்று முறை நேப்பாளம் போய்வந்தேன். இப்போதெல்லாம் ஒரு வரி எழுதிப் போட்டால் கணினி மலையை வரைந்து தந்துவிடுகிறது என்பதால், இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் கோபம் வருவதில்லை.

கணினியில் ஒன்றுமே செய்வதில்லையா என்றால், செய்கிறேன். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பேன், வண்ணத்தைச் சரிபார்ப்பேன், கேமராவுக்குள் ஒட்டிய தூசியின் புள்ளியை அழிப்பேன். இல்லாத நிலாவை வைக்க மாட்டேன். மேகத்தை வேறு படத்திலிருந்து எடுத்து ஒட்ட மாட்டேன். சிகரத்தை இழுத்து உயரமாக்க மாட்டேன். கடைசியாகச் சொன்னதைப் பலர் செய்கிறார்கள். அந்த மலையை நேரில் பார்த்தவனுக்கு உடனே தெரிந்துவிடும்.

நம் நாட்டில் ஏன் பனிமலை இல்லை? கினபாலு அவ்வளவு உயரமாச்சே?

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். இங்கே கீழே 32 டிகிரி என்றால், பூச்சியத்தைத் தொட ஐயாயிரம் மீட்டர் அளவுக்கு ஏற வேண்டும். கினபாலு 4,095 மீட்டர். சில இரவுகளில் உச்சிப் பாறையில் உறைபனி பிடிக்கும், வெயில் வந்ததும் போய்விடும். இந்தோனேசியப் பாப்புவாவில் இருக்கும் புஞ்சாக் ஜெயா 4,884 மீட்டர், அங்கே பனி உண்டு. அங்கிருக்கும் பனியும் வேகமாகக் கரைந்துகொண்டே வருகிறது.

பனி வெள்ளைதானே? உங்கள் படத்தில் ஏன் நீலமும் சாம்பலுமாக இருக்கிறது?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துச் சொல்வேன்.

வெயில் நேராகப் படுகிற இடத்தில்தான் பனி வெள்ளை. நிழலில் இருக்கும் பனிக்கு வெயில் கிடையாது. அதற்கு வெளிச்சம் தருவது மேலே இருக்கும் நீல வானம் மட்டும். நீல விளக்கைக் காட்டினால் வெள்ளைச் சட்டை என்ன நிறத்தில் தெரியுமோ அதேதான். நம் கண் இதைத் தானாகச் சரிசெய்து 'வெள்ளை' என்று நமக்குச் சொல்லிவிடுகிறது, கேமரா சொல்வதில்லை. அந்த நீலத்தை முழுக்கத் துடைத்து எடுத்துவிடலாம். எடுத்தால் குளிர் போய்விடும், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும். அதனால் கொஞ்சம் விட்டு வைப்பேன்.

இன்னொன்றும் உண்டு. மலைக்கு உருவம் கொடுப்பது நிழல். உச்சிவெயிலில் எடுத்த பனிமலை தட்டையாக, கத்தரித்து ஒட்டிய காகிதம் போல வரும். காலையில் வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு மடிப்பும் எழும்பி நிற்கும். பனியை எடுக்கப் போகிறவன் உண்மையில் எடுப்பது வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையில் இருக்கிற நூறு விதச் சாம்பலைத்தான். சுத்த வெள்ளை என்பது என் படங்களில் ஒரு விரல் நகத்தின் அளவுக்கு, உச்சி விளிம்பில், இருந்தால் போதும்.

நான் கேமரன் மலையில் மூடுபனியை எடுத்தாலும், தம்பி ஜப்பானில் பனியை எடுத்தாலும் அழுக்காக வருகிறதே?

அளவுமானியின் வேலை அது. கேமராவுக்குள் இருக்கும் வெளிச்ச அளவுமானி, எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். புதிதாக விழுந்த பனி தன்மேல் படும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்கைத் திருப்பி அனுப்பும். மானி "அடேயப்பா, வெளிச்சம் அதிகம்" என்று பயந்து குறைத்துவிடும். படம் சாம்பல் பூசியது போல வரும்.

இதை நான் பனியில் கற்றுக்கொள்ளவில்லை, பாலில் கற்றுக்கொண்டேன். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. பதினாறு வயதில் ஒரு பழைய பிலிம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு ரப்பர் மர நிரைக்குள் போய், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் வழிய வழிய நிற்கும் பாலைக் கிட்டப் போய், சட்டம் முழுக்க அதுவே தெரிகிற மாதிரி எடுத்தேன். கழுவி வந்த படத்தில் பால், சிமெண்டைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது. கேமராவின் சொந்தக்காரர் பார்த்துவிட்டு, "மிஷினுக்கு வெள்ளைன்னா என்னான்னு தெரியாதுடா, நீதான் சொல்லணும்" என்றார். இமயத்தில் நின்றபோதும் அந்த மங்குதான் ஞாபகத்துக்கு வந்தது.

எப்படிச் சொல்வது? கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கும். பனி நிறைந்த காட்சிக்கு ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). கைப்பேசியில் பனியைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியப் படத்தை மேலே தள்ளினால் அதே வேலை. அளவுக்கு மீறிக் கூட்டினால் பனியின் மணல்மணலான பரப்பு அழிந்து வெறும் வெள்ளையாகும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கேமராத் திரையில் வரும் வெளிச்ச வரைபடத்தை (ஹிஸ்டோகிராம்) பாருங்கள்: மேடு வலது ஓரத்துக்குக் கிட்டப் போகலாம், முட்டக் கூடாது.

அந்தப் பொன்னிற உச்சி? வண்ணம் ஏற்றியதுதானே?

இல்லை. சூரியன் எழும்பும்போது ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் சாய்வாக வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போய், சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகின்றன. பள்ளத்தாக்கில் இன்னும் இருட்டு. ஆனால் உச்சி உயரத்தில் இருப்பதால் அதற்கு மட்டும் வெயில் முதலில் கிடைத்துவிடுகிறது. முதலில் செந்நிறம், பிறகு பொன், பிறகு வெள்ளை. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பழந்தமிழில் 'பொற்கோட்டு இமயம்' என்றே ஒரு சொல் இருக்கிறது. கோடு என்றால் சிகரம். அப்படிப் பாடிய புலவர் நேரில் போய்ப் பார்த்தாரோ, போய்வந்தவர் சொல்லக் கேட்டாரோ. எப்படியும் நான் வண்ணம் பூசவில்லை என்பதற்கு அவர் சாட்சி.

ஏன் பாதிப் படங்கள் கறுப்பு வெள்ளை?

பனி, பாறை, வானம் மூன்றும்தான் காட்சியில் இருக்கின்றன. வண்ணம் சொல்ல அங்கே அதிகமில்லை. வண்ணத்தை எடுத்துவிட்டால் கண் நேராக வடிவத்துக்குப் போகும்.

வானம் ஏன் இவ்வளவு கறுப்பு என்று கேட்பார்கள். இரண்டு காரணம். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஐந்தரை ஆயிரம் மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் பாதிதான். ஒளியைச் சிதறடிக்க அங்கே ஆளில்லை, அதனால் வானம் கரு நீலமாகவே இருக்கும். இரண்டாவது, சிவப்பு வடிகட்டி, அதாவது லென்ஸுக்கு முன்னால் மாட்டும் சிவப்புக் கண்ணாடி. அது நீலத்தை விடாது, வானத்தை இன்னும் இருட்டாக்கும். 1927இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை எடுக்கப் போன ஆன்செல் ஆடம்ஸ் என்ற படக்கலைஞரிடம் கடைசியில், பிலிம் மாதிரி வேலை செய்யும் கண்ணாடித் தகடுகள் இரண்டுதான் மிச்சம். ஒன்றை மஞ்சள் வடிகட்டி போட்டு எடுத்தார். எடுத்து முடித்ததும், தன் மனதில் இருந்த மலை இது இல்லையே என்று தோன்ற, கடைசித் தகட்டுக்குச் சிவப்பு வடிகட்டியை மாட்டினார். வானம் கறுத்து, பாறை பயமுறுத்துகிற மாதிரி எழும்பி நின்றது. அவர் பெயரை நிலைநாட்டிய படங்களில் அது ஒன்று. நான் டிஜிட்டலில் எடுப்பதால், வண்ணமாக எடுத்துவிட்டு மாற்றும்போது நீலத்தைக் கீழே இறக்குகிறேன். விளைவு அதேதான். ஒரே தகடு மிச்சமிருந்தபோது வந்த நெஞ்சுத் துடிப்பு எனக்கு வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃபைன் ஆர்ட் என்று எழுதியிருக்கிறீர்களே, போஸ்ட்கார்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

விலை என்று ஒருவர் சொன்னார். கடையில் எல்லாரும் சிரித்தோம்.

போஸ்ட்கார்டு 'இந்த இடம் இப்படி இருக்கும்' என்று சொல்கிறது. இடத்தின் பெயர் கீழே இருக்கும், மலை முழுசாகத் தெரியும், வானம் நீலமாக இருக்கும். அதிலும் ஒரு குறையும் இல்லை. நான் மாட்டியிருப்பதில் பாதிப் படங்களில் எந்த மலை என்றே கண்டுபிடிக்க முடியாது. ஒரு முகடு, அதன்மேல் காற்று கிளப்பிவிட்ட பனித்தூள், அவ்வளவுதான். எடுத்தவன் எதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளினான், எந்த வெளிச்சத்துக்குக் காத்திருந்தான், எந்தக் காகிதத்தில் அச்சிட்டான் என்பதெல்லாம் சேர்ந்து அவனுடைய முடிவு. அந்த முடிவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவதைத்தான் ஃபைன் ஆர்ட் என்கிறார்கள் என்று நான் புரிந்துவைத்திருக்கிறேன்.

இந்தப் பனியில் முதலில் படம் எடுத்தது யார்?

'முதலில்' என்று சொன்னால் சண்டை வரும். எனக்குப் பிடித்த மூவரைச் சொல்கிறேன். 1861இல் பிரான்ஸைச் சேர்ந்த ஒகுஸ்த் ரொசாலி பிஸோன் 25 சுமையாட்களைக் கூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் உச்சிக்குப் போனார். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயும் முன்னே எடுத்து, அங்கேயே கூடாரத்துக்குள் கழுவ வேண்டும். கழுவத் தண்ணீருக்குப் பனியை உருக்கினார்கள். 1866இல் சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர் இமயத்தின் மணிரங் கணவாயில், 18,000 அடிக்கு மேலே, இதே ஈரத் தகடுகளோடு படமெடுத்தார்.

மூன்றாமவர் இத்தாலியின் விட்டோரியோ செல்லா. 1899இல் கஞ்சன்ஜங்காவைச் சுற்றி வந்தார், 1909இல் கே2 மலைக்குப் போனார். 30க்கு 40 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடித் தகடுகளையும் மலையில் தூக்கிக்கொண்டு போன மனிதர். அவர் படங்களைப் பார்த்தால், நூறு வருடத்தில் நாம் என்ன பெரிதாக முன்னேறிவிட்டோம் என்று இருக்கும். ஆன்செல் ஆடம்ஸே அவர்மேல் பெரிய மரியாதை வைத்திருந்தார். என் முதுகில் இருந்த பை ஒன்பது கிலோ. அதற்கே நான் முனகினேன்.

என்ன கேமரா?

24 மெகாபிக்சல் உள்ள, இரண்டாம் கையாக வாங்கிய ஒன்று. லென்ஸில், தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும் 70–200 மில்லிமீட்டர்தான் அதிகம் வேலை செய்தது. மலைக்கு அகலமான லென்ஸ் வேண்டும் என்று நினைப்பார்கள். அதில் எடுத்தால் எட்டாயிரம் மீட்டர் மலை எறும்புப் புற்றாகச் சுருங்கிவிடும். முக்காலி கட்டாயம் வேண்டும்.

குளிரில் கேமரா கெட்டுப்போகாதா?

குளிர் கேமராவைக் கெடுப்பதைவிட மின்கலத்தைத்தான் அடிக்கும். நிறைய மீதமிருந்த மின்கலம் விடியற்காலையில் திடீரென்று படுத்துவிடும். இரவில் தூக்கப்பைக்குள்ளும் பகலில் சட்டைக்குள்ளும் வைத்துக்கொள்ள வேண்டும். சூடேறினால் கொஞ்சம் உயிர் திரும்பும்.

பெரிய ஆபத்து உள்ளே வரும்போதுதான். முதல் பயணத்தில், வெளியே உறைகிற குளிரில் எடுத்துவிட்டு நேராக அடுப்பு எரிகிற சாப்பாட்டு அறைக்குள் கேமராவோடு நுழைந்தேன். ஐஸ் போட்ட கண்ணாடிக் குவளை வியர்க்குமே, அப்படி லென்ஸ் உள்ளுக்குள்ளும் வியர்த்தது. அன்று மாலை அந்திவெளிச்சம் அற்புதமாக இருந்ததாகக் கூட வந்தவர்கள் சொன்னார்கள். நான் லென்ஸ் காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே இருக்கும்போதே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடி, பிறகு உள்ளே கொண்டுவந்து, அறையின் சூட்டுக்கு வரும்வரை திறக்காமல் விட வேண்டும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு எதிரி வேறு: பூஞ்சை. நம் ஊர் ஈரத்தில் அலமாரியில் சும்மா வைத்த லென்ஸுக்குள் சிலந்திவலை போலப் படரும். ஈரம் நீக்கும் பெட்டியில் 45 முதல் 50 விழுக்காடு ஈரத்தில் வையுங்கள். பனிமலை தப்பவிட்ட லென்ஸைச் சுங்கை சிப்புட் பழிவாங்கிய கதை என்னிடமே உண்டு.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. நடக்காமல் பனிமலையைப் பார்க்கவும் எடுக்கவும் முடியுமா?

முடியும். நேப்பாளத்தின் பொக்காரா ஊருக்கு மேலே சாரங்கோட் என்ற மேடு, ஏறத்தாழ 1,600 மீட்டர். வண்டி உச்சிக்குக் கிட்ட வரை போகும். விடியும் முன்னே போய் உட்கார்ந்தால் அன்னபூர்ணா வரிசையும் மச்சபுச்சாரேயும் எதிரே நிற்கும். அக்டோபர், நவம்பர் நல்ல மாதங்கள். மழை முடிந்து காற்று கழுவிவிட்டது போல இருக்கும். மார்ச், ஏப்ரலிலும் போகலாம், தூரத்தில் புகைமூட்டம் இருக்கும்.

நம் ஆட்கள் பலர் முக்திநாத்துக்கு யாத்திரை போகிறார்கள். நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் அதுதான். அங்கிருந்து 8,167 மீட்டர் தவளகிரி தெரியும். வழியில் நீலகிரி என்றே ஒரு பனிமலையும் இருக்கிறது, ஊட்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். படமெடுக்க வேண்டும் என்றால் காலையிலேயே முடித்துவிடுங்கள். காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் கடந்தால் காற்று முக்காலியைத் தள்ளும்.

ஒரு எச்சரிக்கை. பொக்காரா 800 மீட்டர்தான், முக்திநாத் 3,700க்கு மேல். ஒரே நாளில் ஏறிப் போனால் தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல் வரலாம். வழியில் இருக்கும் ஜொம்சொம் ஊரில் ஓர் இரவாவது தங்கிப் போங்கள். மூவாயிரம் மீட்டருக்கு மேலே தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு ஐந்நூறு மீட்டருக்குமேல் உயர்த்தக் கூடாது என்பது பொதுவான கணக்கு. உடம்பு முடியாமல் போனால் மருந்து தேடி நேரத்தைக் கடத்தாமல் கீழே இறங்குங்கள். அம்மாவை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், டிக்கெட் பிறகு.

சுவரின் நடுவில் இருக்கும் மீன்வால் மலை எது?

அதுதான் மச்சபுச்சாரே, 6,993 மீட்டர். நேப்பாளியில் பெயரின் பொருளே மீன்வால். சிவனுக்குரிய மலை என்பதால் உச்சி ஏற அனுமதி தருவதில்லை. 1957இல் ஒரு பிரிட்டிஷ் குழு ஏறி, உச்சிக்கு ஏறக்குறைய ஐம்பது மீட்டர் இருக்கையில் நின்று திரும்பியது. அந்தப் படத்தை நான் எடுத்தது பொங்கலுக்கு மறுநாள். நான்கு விடியல் மேகம் மூடிக் கிடந்து, ஐந்தாம் நாள் ஏழு நிமிடம் திறந்தது.

எவரெஸ்ட் இல்லையா?

என்னிடம் இல்லை. அதன் அடிவாரப் பாதையில் நான் நடந்ததில்லை. தவிர, எவரெஸ்ட் அழகுக்குப் பெயர்போன மலை அல்ல. பக்கத்து மலைகள் மறைத்துக்கொண்டு நிற்க, கறுப்பு முக்கோணமாகத் தலைகாட்டும். அமா தப்லாம்தான் அங்கே அழகு. ஆனால் எவரெஸ்ட் என்றதும் நம்மவர்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது: 1997 மே 23இல் முதன்முதலாக அந்த உச்சியில் நின்ற மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும். கடைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை. அவர்களுக்கு மட்டும் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்வேன்.

என்ன காகிதம், எவ்வளவு பெரிதாகப் போடலாம், என்ன விலை?

பஞ்சுக் காகிதம், சதுர மீட்டருக்கு 300 கிராம் கனம், பளபளப்பில்லாதது. மை நிறமி மை. சாதாரணச் சாய மையைவிடப் பல மடங்கு காலம் நிற்கும். இந்த மாதிரி அச்சு இயந்திரத்தில் வெள்ளை மை என்று ஒன்று கிடையாது. படத்தில் இருக்கும் மிக வெளிச்சமான பனி என்பது மை படாத காகிதம்தான். அதனால் காகிதத்தின் வெள்ளை எப்படி இருக்கிறதோ அப்படித்தான் பனி இருக்கும். சலவைத்தூள் விளம்பரம் மாதிரி மின்னுகிற காகிதங்களில் ஒளிரூட்டும் ரசாயனம் இருக்கும். சில வருடத்தில் அது தளர்ந்து பனி மஞ்சளாகும். நான் கொஞ்சம் பாலாடை நிறமுள்ள காகிதத்தையே எடுக்கிறேன்.

24 மெகாபிக்சல் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று போட்டால் 20க்கு 13 அங்குலம் வரும். சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் சுவருக்கு 30க்கு 20 வரை தாராளமாகப் போகலாம். சிறியது 380 வெள்ளி (ரிங்கிட்), பெரியது 750. சட்டம் தனி.

பின்னால் 3/15 என்று எழுதியிருக்கிறதே?

அந்த அளவில் பதினைந்து பிரதிகள்தான் போடுவேன், உங்களுடையது மூன்றாவது. பதினைந்தும் போனால் அதோடு சரி.

குறைத்துத் தருவீர்களா?

மாட்டேன். தே தாரே (இழுத்து ஆற்றிய தேத்தண்ணி) வாங்கித் தருவேன்.

வீட்டில் எங்கே மாட்டலாம்? இந்த ஈரத்தில் கெடாதா?

கெடும், கவனிக்காவிட்டால். படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. நடுவில் அமிலமில்லாத அட்டையை வைத்து இடைவெளி விட்டிருப்பேன். சட்டம் மாற்றுகிறவர் "எதற்கு இந்த அட்டை" என்று எடுத்துவிட்டால், ஈரத்தில் காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மலை பாதி கண்ணாடியில் நிற்கும். சட்டத்தின் பின்பக்க மூலைகளில் சின்னத் தக்கைத் துண்டுகள் ஒட்டியிருப்பது சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக. அவற்றைப் பிய்க்காதீர்கள்.

மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவர் வேண்டாம். பிற்பகல் வெயில் விழும் சுவரும் வேண்டாம். சாமி மேடைக்குப் பக்கத்திலும் வேண்டாம். சூடப் புகையும் ஊதுபத்திக் கரியும் படிந்து இரண்டு தீபாவளிக்குள் கண்ணாடி மங்கும். ஒரு பாட்டி மச்சபுச்சாரேயைச் சிவன் மலை என்று கேட்டறிந்து, நேராகச் சாமி மேடையிலேயே வைத்து விபூதியும் பூசிவிட்டார். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள் என்று மட்டும் சொன்னேன். தண்ணீரைத் துணியில் தொட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடிமேல் தெளிக்காதீர்கள். கீழே வழிந்து சட்டத்துக்குள் போய்விடும்.

நம் ஊர் மலையை ஏன் எடுப்பதில்லை?

எடுக்கிறேன். தித்திவங்சா மலைத்தொடர் நமக்குக் கிழக்கே நிற்கிறது. அதில் கொர்பு மலை 2,183 மீட்டர். ஆனால் அது பனிமலையைவிடக் கஷ்டம். பனி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், பச்சைக் காடு விழுங்கிவிடும். இரவு மழை பெய்து, காலையில் காற்றில்லாமல், செம்பனை வரிசைக்கு மேலே மூடுபனி கிடக்க, பின்னால் மலை மட்டும் கருநீலமாக நிற்கும் நாள் வருடத்துக்கு நாலைந்து. அன்றைக்கென்று பார்த்துக் கல்யாண வேலை வந்துவிடும். ஐந்து வருடத்தில் தேறியது மூன்று படங்கள். கல்லாவுக்குப் பின்னால் தொங்குகின்றன, கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.